மூட்டை தள்ளியவன்

அர்த்தநாரி மைக்கைப் பிடித்துக் கால்மணி நேரம் ஆகிறது, அவன் பேச்சில் இன்னும் நாச்சிமுத்து சாகவில்லை. இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறான், ராத்திரியில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படிக்கிறான். எந்தத் தெருவிளக்கு, வெள்ளக்குட்டைக்குக் கரண்டு வந்ததே அவன் செத்து நாலு வருஷம் கழித்துத்தானே என்று சென்னியப்பன் பல்லுக்குள் சொல்லிக்கொண்டார். பல்லுக்குள் என்று அவர்தான் நினைத்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து நல்லம்மாளின் முழங்கை விலாவில் இறங்கியது. "ஏனுங்க, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. உங்க தம்பிக்குத்தான கல்லு வெக்கறாங்க." தம்பிக்குத்தான். செத்து இருபத்தைந்து வருஷம் கழித்து, சந்தை வாசலில், வேப்பமரத்தை ஒட்டி, ஆள் மார்பளவுக்கு ஒரு கருங்கல். கல்லின்மேல் மஞ்சள் துணி, துணியைச் சுற்றி ஒரு ரிப்பன், ரிப்பனை இழுக்க வேண்டியவர் கூடப்பிறந்த அண்ணன். அதற்காகத்தான் கல்லை ஒட்டினாற்போல் புருஷன் பெண்டாட்டிக்கு இரண்டு இரும்பு நாற்காலி. வெயிலில் காய்ந்த இரும்பு வேட்டியைத் தாண்டிச் சுடுகிறது. எதிரே ஐந்நூறு தலை, அத்தனையும் தெரிந்த தலை, திங்கட்கிழமைச் சந்தைக்கு மாடு பிடிக்கவும் விற்கவும் வந்த சனம், பாதிப் பேர் கையில் கயிற்றோடே நிற்கிறார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாடுகள், அவைதான் இந்தப் பேச்சைச் சரியாகக் கேட்கிறவை, வாலை ஆட்டிக்கொண்டு சாணி போட்டபடி. சென்னியப்பனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? அர்த்தநாரி பேசுவது பேசி முடித்ததும் காற்றோடு போய்விடும். கல்லில் வெட்டியது போகாது, அவர் போனபிறகும், இந்த ஐந்நூறு பேர் போனபிறகும் நிற்கும்.

துண்டு போடாமல் பேசியதுதான் தப்பு. முப்பது வருஷத் தரகில் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவர் துண்டு போடாமல் பேசி முடித்ததில்லை. இந்தச் சந்தையில் பேரத்தை வாயால் பேசுகிறவன் வெளியூர்க்காரன். தரகன் எதிராளியின் கையைப் பிடிப்பான், இரண்டு கைமேலும் துண்டு விழும், அடியில் விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, மடக்கினால் பாதி. கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தால் அது கடைசிப் பேச்சு, இதற்குமேல் இம்மி அசைய மாட்டேன் என்று அர்த்தம். துண்டு விழுந்தபிறகு பேச்சு முடியாமல் கையை உருவிக்கொண்டு போகிறவனை அப்புறம் யாரும் ஆளாக மதிக்கமாட்டார்கள், அவன் நீட்டுகிற கையைத் தொடக்கூட மாட்டார்கள். துண்டு போடாத பேச்சோ, அது பேச்சே இல்லை, டீக்கடை அரட்டை. மூன்று வாரத்துக்கு முன்னால் அதே டீக்கடையில்தான் அர்த்தநாரி, அரிசி ஆலைக்காரன், இந்த விழாக் கமிட்டிக்குத் தலைவன், ஒரு காகிதத்தைக் காட்டினான். அதில் விமானி என்றும் குண்டு மழை என்றும் எழுதியிருந்தது. "மாப்ளே, அவன் விமானி இல்ல. ஏரோப்ளேன்ல இருந்து மூட்டை தள்ளினவன். அப்படியே வெட்டு." "மூட்டையா? கல்லுல போயி மூட்டைன்னு எழுதினா சனம் சிரிக்கும் மாப்ளே." "சிரிக்கட்டும்." "அட, நீதான ஒரு காலத்துல..." என்று ஆரம்பித்தவன் சென்னியப்பனின் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த டீக்குச் சொன்னான். மூன்று டீ குடித்தபிறகு, "செரி, நீ சொன்னபடியே" என்று உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்போது துண்டு தோளில்தான் கிடந்தது. எடுத்துப் போட எவ்வளவு நேரம்? ஆனால் கூச்சம். தம்பி சாவைத் துண்டுக்குள் வைத்துப் பேசுவதா, அவன் என்ன மாடா என்று ஒரு கூச்சம். யாரிடம் எதற்குக் கூச்சப்பட்டிருக்கிறார் வாழ்க்கையில்? அப்பன் செத்த மறுவாரம் பிறத்தியார் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனபோது கூச்சப்படவில்லை, பல் போன மாட்டைத் தலையில் கட்டிய தரகனை நாலு பேர் நடுவில் சட்டையைப் பிடித்தபோது கூச்சப்படவில்லை, அடி வாங்கியும் ஏமாந்தும் கற்றுக்கொண்ட தொழில், அதில் ஒரே ஒரு நாள் கூச்சப்பட்டார், அந்த ஒரு நாளைத்தான் அர்த்தநாரி பிடித்துக்கொண்டான்.

பிடித்துக்கொண்டானா இல்லையா, அதுதான் தெரியவில்லை. நாச்சிமுத்து மைக்கில் இப்போது கோயமுத்தூருக்குப் பட்டாளத்தில் சேரப் போகிறான். சென்னியப்பனின் இடது கை நாற்காலிக் கையிலிருந்து மெல்ல நழுவியது, மஞ்சள் துணியின் ஓரத்தைத் தூக்கியது, உள்ளே போயிற்று. கல் குளிர்ந்திருந்தது. வெளியே இந்த வெயில், துணிக்கு அடியில் கிணற்றுத் தொட்டி மாதிரி ஒரு குளிர்ச்சி, கை சொந்த வீட்டுக்குள் போன மாதிரி உணர்ந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்த ஆளுக்குக் கண்ணில் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் ஏறும். விரல் அப்படியில்லை, விரல்தான் அவரிடம் படித்தது. முதல் வரி. ஒரு பள்ளம், ஒரு வளைவு, நா. கொக்கி, புள்ளி, ச். அடுத்தது சி. நாச்சி. உளி நன்றாக இறங்கியிருக்கிறது, ஓரத்தில் இன்னும் சுணை இருக்கிறது, விரலை அறுக்கும்போல. பெயர் சரிதான். பெயரில் யாரும் ஏமாற்றமாட்டார்கள், பல்லைக் காட்டி மாட்டை விற்கிறவன் குளம்பில்தான் ஏமாற்றுவான். இரண்டாவது வரிக்குப் போக வேண்டும். விரல் போகவில்லை. பெயர்மேலேயே திரும்பத் திரும்ப ஊர்ந்தது. பயமா? சென்னியப்பனுக்கா? சீ. ஆனால் விரல் போகவில்லை. அட, நீதான ஒரு காலத்துல என்றான் அர்த்தநாரி, மீதியை விழுங்கினான், அந்த மீதி இருபத்தாறு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது, அர்த்தநாரியின் தொண்டையில் இல்லை, இவர் தொண்டையில். இதோ இந்த வேப்பமரத்தடி. ஒரு திங்கட்கிழமை. ஒரு மயிலைக் காளைக்குத் தோற்றுப்போன தரகன் ஒருவன் எரிச்சலில், உன்ற தம்பி ஆகாசப் பட்டாளத்துல மூட்டை தூக்கறானாமே, அதை இங்கயே தூக்கலாமே, அரிசி மில்லுல ஆள் கேக்கறாங்க என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு மண்டைக்கு ஏறியது. "எவன்டா சொன்னது மூட்டைன்னு? ஏரோப்ளேனை ஓட்டறதே எந்தம்பிதான்டா." அவ்வளவுதான், ஒரு மூச்சு. மாட்டுக்குச் சொல்லும் பொய் மாடு கை மாறினதும் தீர்ந்துவிடும். இது தீரவில்லை, வளர்ந்தது, அடுத்த சந்தைக்குள் பக்கத்து மூன்று ஊருக்குப் போய்விட்டது.

நாச்சிமுத்து லீவில் வந்தபோது பஸ் நிறுத்தத்திலேயே மாலை. விமானி வந்தாச்சு, வழிவிடு. அவன் மாலையைக் கழற்றிப் பஸ்ஸின் கம்பியில் மாட்டினான். "நான் ஓட்டறதில்லீங்க. என்ஜின் ரிப்பேர் பாக்கறவன். மூட்டை தள்ள ஆள் பத்தலைன்னாங்க, கையைத் தூக்கினேன், அதனால பறக்கறேன்." சனம் சிரித்தது. அடக்கம் பாரு, பெரிய மனுசனுக்கு அடக்கம் என்றது. அவன் சொல்லச் சொல்ல நம்பாமல் சிரித்தது. சாயங்காலம் கிணற்றுமேட்டில் அவன் அண்ணனிடம் கத்தவில்லை, அவன் கத்துகிற ஆளில்லை, அதுதான் தாங்க முடியாது, கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். "தள்ளறது கேவலமாண்ணா?" என்று கேட்டான். "மலைமேல அம்பது சிப்பாய் நிக்கறான். ரோடு கிடையாது, கோவேறு கழுதை போகாது. நாங்க தள்ளினாத்தான் அவனுக்குச் சோறு. அரிசியை ரெட்டைச் சாக்குல போட்டுக் கட்டுவோம். விழுற வேகத்துல உள் சாக்கு வெடிச்சிரும், வெளிச் சாக்கு தாங்கிக்கும், ஒரு பருக்கை வீணாகாது. கதவே இல்லாத வாசல்ல நின்னு, மணி அடிச்சதும் தள்ளணும். அரை நொடி பிந்தினா மூட்டை பள்ளத்துல போயிரும், அன்னைக்கு அவனுக்குப் பட்டினி. உசுரோட ஆடுகூடத் தள்ளியிருக்கறேன், பாராசூட்டுக் குடை கட்டி." அப்புறம் சிரித்தான். "சத்தத்துல ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காதுண்ணா. நம்ம சந்தை விரல் பேச்சைச் சொல்லிக் குடுத்துட்டேன். பஞ்சாபிக்காரன், மலையாளத்தான், எல்லாரும் இப்ப துண்டு போட்டுத்தான் பேசறாங்க." பெருமையில் சென்னியப்பனுக்கு நெஞ்சு முட்டியது, ஆனால் வாயில் வந்தது வேறே. "அதுக்கென்ன இப்ப, ஓட்டறேன்னு சொன்னா உனக்குப் பொண்ணு நல்ல எடமா அமையும், போடா." நாச்சிமுத்து எழுந்து நின்றான். "சந்தையில சொன்னீல்ல, சந்தையிலயே எந்திரிச்சு இல்லைன்னு சொல்லு. நான் அடுத்த லீவுக்கு வர்றதுக்குள்ள." செரி செரி என்றார் சென்னியப்பன். செரி. துண்டு போடாத செரி.

அடுத்த லீவு வரவில்லை, சீனாக்காரன் சண்டை வந்தது, தந்தி வந்தது. காணவில்லை என்று தந்தி. காணவில்லை என்றால் என்ன அர்த்தம், மாடு காணவில்லை என்றால் தேடலாம், கொம்பில் பெயிண்டு அடையாளம் சொல்லித் தேடலாம், ஆகாசத்தில் காணாமல் போனவனை எந்தக் காட்டில் தேடுவது. மேகத்துக்குள் போன ஏரோப்ளேனின் ஒரு தகடுகூடக் கிடைக்கவில்லை. ராத்திரியில் கட்டிலில் படுத்தால் சென்னியப்பன் விழுந்துகொண்டே இருப்பார். வைக்கோல்போருக்கு மேலே ஏறியறியாத ஆள், கதவில்லாத வாசலில் நிற்பார், கீழே பச்சையாக ஒரு பள்ளம், மணி அடிக்கும், முதுகுக்குப் பின்னால் யாரோ தள்ளுவார்கள், வெளிச் சாக்கு தாங்கும் உள் சாக்கு வெடிக்கும், உள் சாக்கு யார் வெளிச் சாக்கு யார் என்று கேட்டுக்கொண்டே விழித்துக்கொள்வார். ஒரு வருஷம் கழித்துக் குரியன் வந்தான். தம்பியோடு மூட்டை தள்ளின மலையாளத்துக்காரன், இரண்டு பஸ் மாறி விசாரித்து வந்தான். சோறு போட்டால் சாப்பிடவில்லை. அன்றைக்கு நாச்சி இரண்டு தடவை பறந்துவிட்டு வந்தாயிற்று, மூன்றாவது தடவை அவன் முறையே இல்லை, போகவேண்டியவனுக்குக் காய்ச்சல் என்றான். "நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன் அண்ணே. மேலே மேகம், நீ போகண்டான்னு சொன்னேன். என்ஜின் ஓடுது, ஒண்ணும் கேக்கலை. அவன் தோள்லேர்ந்து துண்டை எடுத்து எங்க ரெண்டு கைமேலே போட்டான்." குரியன் சென்னியப்பனின் கையைப் பிடித்தான், தன் கைக்குட்டையை மேலே போட்டான், அடியில் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து இறுக்கினான். கடைசிப் பேச்சு. "அப்புறம் நான் எப்படி அண்ணே பிடிச்சு வைக்க? விட்டேன்." அவனுக்குச் சந்தை முறை தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் விட்டான். தெரியாதவனாக இருந்திருந்தால் இழுத்துப் போட்டிருப்பான், நாச்சிமுத்து இன்றைக்கு நரைத்த தலையோடு இதே நாற்காலியில்... வேண்டாம். அந்த வழியில் போனால் முடிவே கிடையாது, இத்தனை வருஷம் போய்ப் பார்த்தாயிற்று.

"...எதிரிப் படைகள் சிதறி ஓட," என்றது மைக், "நமது மண்ணின் மைந்தன் வானத்திலிருந்து குண்டு மழை பொழிந்தார்." கைதட்டல். மாடு ஒன்று மிரண்டு கத்தியது. குண்டா? உப்புடா. உப்பு, பருப்பு, மண்ணெண்ணெய், ஆடு. அந்தச் சண்டையில் நம் பக்கமிருந்து ஒரு ஏரோப்ளேனும் குண்டு போடவில்லை என்று குரியன் சொன்னானே, நாங்க போட்டதெல்லாம் சோறு அண்ணே என்றானே. சென்னியப்பனின் விரல் தானாக இரண்டாவது வரிக்கு இறங்கியது. அவர் இறக்கவில்லை, கோபம் இறக்கியது. முதல் எழுத்து. மேலே ஒரு கொண்டை, வளைவு. வி. விமானத்திலிருந்து என்றும் இருக்கலாம், அதுவும் வி தான், அவசரப்படாதே. அடுத்தது மா. அதுவும் இருக்கலாம், விமானத்திலிருந்து உணவு தள்ளியவர், அப்படித்தானே பேச்சு. மூன்றாவது எழுத்தில் விரல் நின்றது. சுழி. இரண்டு சுழி. ன. ஆனால் தலையில் கொக்கி. னி. அதற்கப்புறம் வழுவழுப்பான கல், ஒரு பள்ளமும் இல்லை. விரல் வலது ஓரம் வரை போய்த் தேடியது, அடுத்த வரிக்கு இறங்கியது, கு, ண், போதும். கையை வெளியே எடுத்தார். சுணை கிழித்து ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். நல்லம்மாள் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், புருஷன் மூஞ்சியைப் பார்த்தாள். "விமானின்னே வெட்டிப்போட்டாங்களா?" "வெட்டிப்போட்டான்." கிணற்றுமேட்டில் அன்றைக்கு நாச்சிமுத்து பேசினதைத் துணி துவைத்துக்கொண்டே கேட்டவள் அவள், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டாதவள். இப்போது மெல்லச் சொன்னாள்: "கல்லை வெச்சே முடிச்சுக்கலாம்னு பாத்தீங்க." ஆமாம். அதுதான். கல் உண்மையைச் சொல்லிவிட்டால் தான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று பார்த்தார். சல்லிசாக முடிக்கப் பார்த்தார், தம்பியிடமே தரகு வேலை. எழுந்து சொன்னால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன், இருபத்தாறு வருஷம் ஊரையே ஏமாற்றினவன் என்று தெரிந்தால் அடுத்த திங்கட்கிழமை எவன் கையை நீட்டுவான்? இவர் துண்டு தோளிலேயே கிடந்து மடியும். கிடக்கட்டும். எழுந்து சொல்லாவிட்டால் ஊர் கை கொடுக்கும், ஆனால் இந்தக் கல் இங்கே நிற்கும், திங்கள் திங்கள் இவர் அதன் முன்னால் நடந்து போக வேண்டும். மழை பெய்யும், மாடு உரசும், வி மா னி அப்படியே இருக்கும். நாச்சிமுத்து எந்தப் பள்ளத்தில் கிடக்கிறானோ, அவன் கடைசியாகத் தள்ளின மூட்டை எவன் வயிற்றுக்குப் போயிற்றோ, அது எதுவும் இருக்காது.

"...வீரரின் தமையனார் சென்னியப்பன் அவர்கள் இப்பொழுது திரையை விலக்கி..." எழுந்தார். கதவில்லாத வாசலில் அவனும் இப்படித்தான் எழுந்து நின்றிருப்பான். அர்த்தநாரி ரிப்பன் பக்கம் அழைத்துப் போகிற பாவனையில் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நீட்டின கையைச் சென்னியப்பன் பிடித்தார். தோளிலிருந்த துண்டு ஒரு சுண்டில் வந்து இரண்டு கைமேலும் விழுந்தது. கைதட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் நின்றார்கள். கயிற்றோடு நின்ற தரகர்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள், வேண்டுமென்று வரவில்லை, துண்டு விழுந்தால் கால் அந்தப் பக்கம் போகும். "மாப்ளே, என்ன இது, சனம் பாக்குது" என்றான் அர்த்தநாரி சிரிப்பு மாறாமல். "பாக்கத்தான் போட்டேன்." இடது கையால் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். அது ஒருமுறை கீச்சிட்டது. "சந்தைக்காரங்க எல்லாரும் கேட்டுக்குங்க. எந்தம்பி ஏரோப்ளேன் ஓட்டல. ஓட்டறான்னு இதே மரத்தடியில சொன்னவன் நான். அது பொய்யி. இருபத்தாறு வருசமாப் பொய்யி." எங்கோ ஒருவன் சிரித்தான். சென்னியப்பன் அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "அவன் மூட்டை தள்ளினவன். மலைமேல பசியோட நின்னவனுக்கு அரிசி தள்ளினான், உப்புத் தள்ளினான், உசுரோட ஆடு தள்ளினான். ஒருத்தன் மேலயும் குண்டு போடல. முறை இல்லாத நாள்ல ஏறிப் போய்ச் செத்தான். கல்லுல வேற என்னமோ வெட்டியிருக்குது. மூட்டை தள்ளினவன்னு வெட்டற வரைக்கும் இந்தத் துணியை நான் எடுக்க மாட்டேன், எவனையும் எடுக்க விடவும் மாட்டேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், கேலியா நிஜமா என்று பிரிக்க முடியாத குரல், கேட்டது: "ஏனுங்க, அந்த ஆடு பொழைச்சுதுங்களா?" "குடை விரிஞ்சது பொழைச்சுதாமா" என்றார் சென்னியப்பன். சிலர் சிரித்தார்கள், அது வேறே சிரிப்பு, காதுக்கு உடனே தெரிந்தது. அர்த்தநாரியின் கை துண்டுக்கு அடியில் ஒருமுறை இழுத்துப் பார்த்தது. முன்வரிசைத் தரகர்கள் துண்டின் ஆட்டத்தை வைத்தே எந்தக் கை இழுக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒருவன் தொண்டையைச் செருமினான். கை நின்றது. அர்த்தநாரியின் அப்பனும் மாடு பிடித்தவன்தான், இதே இடத்தில் துண்டு போட்டவன்தான், அரிசி ஆலை வந்ததால் அது மறந்துவிடுமா? நல்லம்மாள் எழுந்து வந்தாள். இரும்பு நாற்காலியை முந்தானையால் துடைத்து அர்த்தநாரிக்குப் பின்னால் போட்டாள். "அண்ணா, நீங்க வேணா உக்காந்துக்குங்க. இவரு இப்போதைக்கு விடமாட்டாரு." சென்னியப்பனின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின, ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு எதிலும் நிற்கவில்லை, வியர்த்திருந்த அந்தக் கட்டைவிரலைக் கண்டுபிடித்து இறுக்கின.